மண்டூரில் இருக்கிறவருடைய பேர்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஓர் ஆடி மாதத்தில் இது நடந்தது. மட்டக்களப்பில் நாவற்குடாவில் எங்கள் வீடு. எனக்குப் பன்னிரண்டு வயது முடிந்திருந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். கச்சான் காற்று அனலாக அடித்து, வாவிக்கரைச் சேறெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடந்தது.

அந்த வருடம் எங்கள் வீட்டில் ஒரு சைக்கிள் நின்றது. அம்மாவின் தம்பி, என் மாமாவுடையது. திருகோணமலையில் பட்டாளத்தாரிடம் வேலை கிடைத்துப் போகும்போது, “துடைச்சு எண்ணெய் போட்டு வை புள்ள, கறள் பிடிக்க விட்டிராத” என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். துடைக்கத்தான் சொன்னார், ஏறச் சொல்லவில்லை. நானும் ஒரு மாதம் துடைத்துக்கொண்டுதான் இருந்தேன். செயினுக்குத் தேங்காயெண்ணெய் போட்டேன். அதில் மணல் ஒட்டிக் கரகரவென்று ஆகிவிட்டது. மண்ணெண்ணெய் தட்டுப்பாடான நேரத்தில் அதை எடுத்துக் கழுவினேன், அம்மாவிடம் ஏச்சு வாங்கினேன். கழுவிய செயின் ஓடுகிறதா என்று பார்க்க ஒருநாள் பெடலை மிதித்தேன். அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது.

பாருக்குக் கீழால் ஒரு காலை விட்டுத்தான் மிதிப்பேன். ஒழுங்கையிலே ஓட முடியாது, ஆட்கள் பார்ப்பார்கள். தோட்டத்து மணலிலே சில்லுப் புதையும். பிறகுதான் கண்டுபிடித்தேன், கடற்கரையில் அலை வந்து போன ஈரமணல் தார் ரோட்டு மாதிரி இறுகிக் கிடக்கும் என்று. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கண்ணயரும் நேரத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடலுக்குப் போய்விடுவேன். நேராகப் போக மட்டும்தான் எனக்குத் தெரியும், வளைக்கத் தெரியாது. திரும்ப வேண்டுமென்றால் குதித்து இறங்கி, பின்சில்லைத் தூக்கி மறுபக்கம் வைத்து, மறுபடி ஏறுவேன். அம்மா ஒருநாள் சில்லில் ஒட்டியிருந்த ஈரமணலைப் பார்த்துவிட்டு, “சைக்கிளுக்குக் கால் முளைச்சிட்டுப் போல. கடலுக்குப் போய்க் குளிச்சிட்டு வருகுது” என்றாள். அடிக்கவில்லை. ஆனால் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெரியபிள்ளையானால் வேலிக்கு வெளியே கால் வைக்க முடியாது.

பக்கத்து வளவில் ஓர் அக்கா இருந்தாள். போன ஐப்பசியில்தான் கலியாணம். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அவர் வேறு ஊர். ஒழுங்கையில் எல்லோரும் அவரை “மாப்பிள்ளை” என்றே சொன்னார்கள். அவருடைய பேர் எனக்குத் தெரியாது. முகமும் தெரியாது என்றால் நம்பமாட்டீர்கள். அவர் வரும்போதெல்லாம் நான் வேலிப் பக்கம் திரும்பி நின்றுவிடுவேன், போன பிறகுதான் நிமிர்வேன். ஆகையால் முதுகு மட்டும் தெரியும். கரைவலைக் காலம் தொடங்கியதும் காத்தான்குடிக்கு அங்கால் கடற்கரையில் உள்ள மீன் வாடிக்குத் தொழிலுக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டார். கிழமைக்கு ஒருநாள் வருவார்.

அன்றைக்கு ஒழுங்கையே வெறிச்சோடிக் கிடந்தது. வாவிக்கு அக்கரையில், படுவான்கரை வயல் வட்டையில் வெள்ளாமை வெட்டு. அம்மா, அக்காவின் தாய், தகப்பன் எல்லோரும் தோணியேறிப் போய்விட்டார்கள். பொழுதுபட்டுத்தான் வருவார்கள். அக்காவுக்குப் பிள்ளை பிறக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்ற எண்ணத்தில் என்னைத் துணைக்கு விட்டுப் போனார்கள்.

மத்தியானம் அக்காவுக்கு நோ வந்துவிட்டது. நான் ஓடிப் போய் அடுத்த ஒழுங்கை மருத்துவிச்சியைக் கூட்டி வந்தேன். அவள் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தாள். அவளுடைய முகம் மாறிவிட்டது.

“என்னகா இது, புள்ள குறுக்கால கிடக்கு. இது என்ட கைக்கு ஏலாது. ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகணும்.”

“கொண்டுபோவமே” என்றேன்.

“லேசாச் சொல்றாய். புருஷன் சொல்லாம நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி, அங்க ஒண்டு நடந்தா? பழி என்ட தலையில. ஓடு புள்ள, வாடிக்குப் போய் இவள்ட புருஷனக் கூட்டி வா. சுறுக்காப் போ. பொழுதுபடும் வரைக்கும் இவள் தாங்கமாட்டாள்.”

அவர் பேர் என்ன என்று கேட்டேன். மருத்துவிச்சிக்கும் தெரியவில்லை, அவள் அவரைக் கண்டதுகூட இல்லையாம். பாயில் கிடந்த அக்காவிடம் குனிந்து கேட்டேன். புருஷன் பேரைப் பெண்சாதி சொல்லக்கூடாது, சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்பார்கள். உயிர் போகிற நேரத்திலும் அக்காவுக்கு அந்தப் பேர் வாயில் வரவில்லை.

“மண்டூரில இருக்கிறவர்ட பேருதான்” என்றாள்.

மண்டூர்க் கோயிலில் இருக்கிறவர் முருகன். முருகனுக்கு ஒரு பேரா இரண்டு பேரா? நான் ஒரு பேரைச் சொல்லி “அதுவா?” என்றேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இன்னொரு பேரைச் சொன்னேன். தலை அசைந்தது. ஆமென்று ஆட்டினாளா, நோவில் தலை உருண்டதா, எனக்கு விளங்கவில்லை. அதற்குள் மருத்துவிச்சி என்னை வாசலுக்குத் தள்ளிவிட்டாள்.

பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். பெரிய ரோட்டால் போனால் காத்தான்குடிக் கடைகளையெல்லாம் தாண்ட வேண்டும் என்று வெட்கப்பட்டுக் கடற்கரையாலேயே போனேன். மூன்று மைல் இருக்கும். காற்று கரைப்பக்கமிருந்து மணலை அள்ளி வீசியது. போகிற வழியெல்லாம் முருகன் பேர்களைச் சொல்லிப் பார்த்தேன். கந்தன், வேலன், ஆறுமுகம், கதிர்காமத்தம்பி. சொல்லச் சொல்லக் கூடிக்கொண்டே போனது. கடைசியில் அக்கா தலையசைத்த பேரையே பிடித்துக்கொண்டேன்.

வாடியில் முப்பது ஆண்கள் வரிசையாக நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தத் தெரியாமல் அவர்களுக்கு முன்னால் போய் விழுந்தேன்.

“டேய், கடல்கன்னி சைக்கிளில வந்திரிக்காள்டா!” என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

எந்த ஊர், எந்த வீடு, எதுவுமே வாயில் வரவில்லை. அந்தப் பேரை மட்டும் சொல்லி, “அவர்ட பொஞ்சாதிக்குச் சரியான வருத்தம். வரட்டாம்” என்றேன், தலையைக் குனிந்துகொண்டு.

கயிற்றின் நுனியில் நின்ற ஒருவர் கயிற்றை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். விழுந்து கிடந்த சைக்கிளைத் தூக்கினார். “ஏறு புள்ள” என்றார். நான் பாரில் ஏறிக் குந்தினேன். ஓர் ஆம்பிளைக்கு முன்னால் சைக்கிள் பாரில் இருக்கிறேனே என்று உடம்பெல்லாம் கூசியது. அவர் மிதித்த மிதியில் சைக்கிள் பறந்தது.

கொஞ்சத் தூரம் போன பிறகு எனக்கு ஏதோ பிழை என்று பட்டது. வரும்போது கடல் என் இடக்கைப் பக்கம் இருந்தது. இப்போதும் இடக்கைப் பக்கமே இருக்கிறது. வண்டி பிடிக்கப் போகிறாரோ? குறுக்கு வழி ஏதும் இருக்கிறதோ? பெரியவர்களுக்குத் தெரியாததா என்று நினைத்துச் சும்மா இருந்தேன். இன்னும் கொஞ்சத் தூரம் போயிற்று. பிறகு தாங்க முடியாமல், “எங்க போறீங்க?” என்று கேட்டேன்.

“எங்கயா? என்ட வீட்டதான்!”

“உங்கட வீடு இந்தப் பக்கம் இல்லையே.”

அவர் காலை ஊன்றினார். “என்ட வீடு எங்க இரிக்கி எண்டு எனக்கே சொல்லித்தாறியா? நீ ஆர்ர மகள்?”

நாவற்குடா என்றேன். பக்கத்து வீட்டு அக்கா என்றேன். அழுகை வந்துவிட்டது.

“அந்த அக்காட புருஷன் ஆள் எப்பிடி?”

“முன்னால பாத்ததில்ல.”

“பின்னாலயாவது பாத்தியா?”

“முதுகு கொஞ்சம் கூனல்.”

அவர் சிரித்தாரா, மூச்சு விட்டாரா என்று தெரியவில்லை. கூனல் முதுகுக்காரரின் பேரைச் சொன்னார். அதுவும் மண்டூரில் இருக்கிறவருடைய பேர்தான், ஆனால் நான் சொன்ன பேர் இல்லை.

“அவன் விடியவே தூண்டில் போட ஆழக்கடலுக்குப் போயிட்டான். பொழுதுபட்டாத்தான் கரை” என்றார்.

பிறகு தெற்கே, தன் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். “என்ட பொஞ்சாதிக்கும் இந்த மாசம்தான் புள்ள. நீ சொன்ன உடன என்ட உயிர் போயிட்டு” என்றார். சொல்லிவிட்டுச் சைக்கிளை வடக்கே கிறுக்கினார். நான் இறங்கித் தூக்கி வைக்கிற கிறுகல் இல்லை, ஒரே வளைவில் திரும்பியது.

வாடிக்குத் திரும்பினோம். அங்கே காத்தான்குடி முஸ்லிம் காக்கா ஒருவரின் கரத்தை, மாட்டுவண்டிதான், மீன் ஏற்ற நின்றது. அவரிடம் விசயத்தைச் சொன்னார். “மீன் நாறினா நாறட்டும் தம்பி, ஏறு” என்று காக்கா மாட்டை அவிழ்க்காமலே தட்டினார்.

சைக்கிள் மிதித்தவர் என்னை அதில் முன்னுக்குப் போகச் சொன்னார். “புருஷன் வாறார், ஆயத்தமா இருங்க எண்டு சொல்லு.”

“நீங்க புருஷன் இல்லையே?”

“வாறார் எண்டு மட்டும் சொல்லு புள்ள. மறுகா வாற பழியை நான் சுமக்கிறன்.”

அப்படியே போய்ச் சொன்னேன். வாழ்க்கையில் நான் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான். கரத்தை வந்து நின்றது. அவர் உள்ளே வந்தார். மருத்துவிச்சி விலகி வழிவிட்டாள். அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. இது என்ட புருஷன் இல்லை என்று ஒரு சொல் அவள் சொன்னால் போதும், மருத்துவிச்சி கரத்தையை நிறுத்திவிடுவாள். அக்கா, தெரியாத அந்த மனிதரிடம் கையை நீட்டினாள்.

பாயோடு தூக்கி ஏற்றினார்கள். நானும் ஏறிக்கொண்டேன். கல்லடிப் பாலத்தில் கரத்தை ஆடும்போதெல்லாம் அக்கா மருத்துவிச்சியின் கையைக் கடித்தாள்.

ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் பேர் பதிகிறவர் யாழ்ப்பாணத்துக்காரர். புருஷன் பேர் என்ன என்று அக்காவிடம் கேட்டார். அங்கேயும் அவள், “மண்டூரில இருக்கிறவர்ட பேரு” என்றாள்.

“மண்டூரிலை ஆயிரம் பேர் இருக்கினம் பிள்ளை. ஆற்றை பேரை எழுத?” என்றார் அவர்.

எங்களோடு வந்தவர் முன்னுக்குப் போய், அக்காவின் புருஷன் பேரைச் சொன்னார். “நீர்தானோ?” என்று கேட்டதற்கு “ஓம்” என்றார். காகிதத்தில் கைநாட்டும் வைத்தார். மை காயும் வரைக்கும் அந்தப் பெருவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெயில் தாழும் நேரத்தில் பிள்ளை அழுத சத்தம் கேட்டது. பெண்பிள்ளை. அக்காவும் தப்பிவிட்டாள். இன்னும் அரை மணித்தியாலம் சுணங்கியிருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்று டாக்குத்தர் சொன்னதாக மருத்துவிச்சி வந்து சொன்னாள். சொல்லிவிட்டு அவரைப் பார்த்து, “மாப்பிள்ள, உங்கட புள்ளயப் பாக்கல்லையா?” என்றாள். அவர் சிரித்துக்கொண்டு, “அதுட வாப்பா வந்து பாக்கட்டும்” என்று, தகப்பனுக்குக் காக்காமார் சொல்லும் சொல்லிலேயே சொல்லிவிட்டு எழுந்தார். மருத்துவிச்சி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். “என்ட வீட்டயும் ஒருக்காப் பாத்திட்டு வாறன்” என்று என்னைக் கடந்து நடந்தார். நான் வழக்கம்போல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நிமிர்ந்தபோது இவருடைய முதுகும் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த நாள் அக்காவின் புருஷன் வந்தார். கரையில் காத்திருந்த வாடிக்காரர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள். பழி சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஆவணியில் நான் பெரியபிள்ளையானேன். மாமா வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வருடம் அந்த வாடி வேறு கரைக்கு மாறிவிட்டது. எனக்கும் கலியாணம் நடந்தது. நானும் என் புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை. அரிசிக் கூப்பன் கொடுக்கும் கந்தோரில் கேட்டபோது எழுதித்தான் காட்டினேன்.

இதை நினைக்கும்போதெல்லாம் என் தலை குழம்பும். அன்றைக்கு நான் சரியான பேரைச் சொல்லியிருந்தால், “அவன் கடலுக்குப் போயிட்டான் புள்ள, இரு” என்றிருப்பார்கள். நானும் வாய் திறக்காமல் மணலில் இருந்திருப்பேன், பொழுதுபட்டிருக்கும். பிழையான பேர் சொன்னதால் இரண்டு உயிர் தப்பியது. அப்படியானால் நான் செய்தது பிழையா, இல்லையா? இதை யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

ஆனால் ஒன்று எனக்கு விளங்கும். தன் பெண்சாதியை நினைத்துப் பதறிய நேரத்திலும் இன்னொருத்தியின் வீட்டுக்குச் சைக்கிளைத் திருப்பிய அந்த மனிதருக்கு, அன்றைக்கு வீட்டில் என்ன காத்திருந்தது, என்ன பிள்ளை பிறந்தது, தாய் சுகமா என்று நான் யாரிடமும் ஒரு சொல் கேட்கவில்லை. எனக்கு எத்தனையோ பேரப்பிள்ளைகள் வந்த பிறகும், ஒரு பிள்ளை பிறந்த செய்தி வீட்டுக்கு வந்தால் முதலில் என் மனம் தெற்கே, எனக்குத் தெரியாத அந்த வீட்டு வாசலுக்குத்தான் போகிறது.