வத்தல் கிட்டங்கியும் ஒரு நுரையீரலும்

பிறர் காறித் துப்பியதைக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்துச் சம்பளம் வாங்கும் உத்தியோகம் எங்களுடையது. லேபில் காலம் தள்ளிய சகோதரர்களே, மத்தியானச் சோறு உங்களுக்கு எப்படி இறங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அறுபதுகளில் விருதுநகரில் ஒரு டாக்டரிடம் இந்த வேலை பார்த்தேன்.

தீப்பெட்டியில் வந்தது

சளி கொண்டுவரச் சொன்னால் எதில் கொண்டுவருவார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம். எம். புதுப்பட்டியிலிருந்து ஒருவர் தீப்பெட்டியில் கொண்டுவந்தார். அத்தனையும் எச்சில். இது ஆகாது, நெஞ்சிலிருந்து இருமி எடுத்து வாருங்கள் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாம் என் வாயிலருந்து வந்ததுதானய்யா. நீங்க எங்கன இருந்து கேக்கீக?"

சன்னல்

மாரியம்மாள் ஒரு வத்தல் கிட்டங்கியில், அதாவது மிளகாய் மூட்டை அடுக்கும் கிடங்கில், வேலை பார்த்தவள். மழைக்குப் பிறகு மிளகாய் வத்தலில் பச்சையாகப் பூசணம் பிடிக்கும். அதைத் துணியால் தட்டி, எண்ணெய் தடவி மினுக்கி, புதுச் சரக்கு என்று விற்பார் முதலாளி அண்ணாச்சி. கோயில் கொடைத் திருவிழாவுக்கு முதல் ஆளாக நன்கொடை எழுதுகிறவர். தட்டுகிற அறைக்குக் கதவும் சன்னலும் எப்போதும் அடைப்பு.

அவள் இருமினாள், ரத்தம் வந்தது. ரத்தம் என்றால் டி.பி. என்று ஊரே முடிவு கட்டியது. மாதக்கணக்கில் ஊசி போட்டும் கேட்கவில்லை. மாமியார் தனித்தட்டு வைத்தாள், கைக்குழந்தையையும் பிரித்துவிட்டாள். எங்களிடம் வந்தபோது சளியில் டி.பி. கிருமியே இல்லை. அவள் வேலையை விசாரித்த டாக்டர், முதலில் சன்னலைத் திறக்கச் சொல்லி என்னைக் கிட்டங்கிக்கு அனுப்பினார். அண்ணாச்சி எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து உபசரித்தார்.

"சன்னலத் தொறந்தா தூசி ரோட்டுக்குத் தெரியும் தம்பி. இருமுனா உள்ளுக்குள்ளதான கேக்கும்?"

சுவர்

மறுபடி எடுத்த சளியில் டாக்டர் கிளை கிளையான இழைகளைக் கண்டார். வத்தலில் பிடித்த அதே பூசணம். மாரியம்மாளுக்கு அவரே விளக்கினார். ஈரச்சுவரில் பூசணம் பிடித்தால் சுண்ணாம்பு உதிருமே, அப்படித்தான் மூச்சோடு உள்ளே போன பூசணத் தூசி நுரையீரலின் உள்சவ்வில் வேர்விட்டு அதை வீங்கவைத்து அரித்திருக்கிறது, அதுதான் ரத்தம். அரித்துப்போனது முழுசாகத் திரும்பாது, இனி அந்த அறைப் பக்கமே போகக்கூடாது, ஆனால் இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது என்றார். அவள் கடைசி வார்த்தையை மட்டும்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

"அப்ப நான் பிள்ளையத் தூக்கலாமா?"

அண்ணாச்சியின் சாம்பிள்

இரண்டாம் நாள் அண்ணாச்சியே லேபுக்கு வந்தார், கைநிறைய மினுக்கிய வத்தலோடு. வேலைக்காரியைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறார் என்று நாற்காலி போட்டேன். எண்ணெய் தடவிய பிறகும் மைக்ராஸ்கோப்பில் பூசணம் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். தெரிகிறது என்றேன். முகம் சுருங்கிப்போய், குரலைத் தாழ்த்தி, டாக்டரிடம் சொல்லிச் சீட்டில் அவள் நோயை மாற்றி எழுதச் சொன்னார். அதற்குள் மாரியம்மாள் மாமியாரையே அழைத்துவந்து டாக்டர் வாயால் கேட்கவைத்து, பிள்ளையை வாங்கிக்கொண்டு போயிருந்தாள். அதையும் சொன்னேன். மனிதர் விடவில்லை.

"டி.பி.ன்னே இருக்கட்டும் தம்பி. டி.பி.ன்னா அவ வீட்டோட போச்சு. பூசணம்னா என் சரக்குல்ல கெட்டுப்போகும்?"

கிருமியைப் பார்க்க எல்லா நேரமும் மைக்ராஸ்கோப் தேவைப்படாது என்பதுதான் அந்த உத்தியோகத்தில் நான் கற்றுக்கொண்டது.