மூணாவது வளைவுல நின்ன பஸ்

பேய் பிசாசுன்னு எவனாவது வாயத் தொறந்தா எழுந்து போய்ட்ற ஆளு நான். நீ சிரிப்பன்னு தெரியும், சிரிச்சுக்கோ. ஆனா நடந்தது நடந்ததுதான், பைபிள் மேல கை வெச்சு சொல்வேன்.

வெள்ளைக்காரன் காலம் அது. பேரணாம்பட்டுல இருந்து மலையேறி வி.கோட்டா போறதுக்கு ஒரே ஒரு மோட்டார் பஸ்ஸு. அந்த ஏத்தத்துல இன்ஜின் மூச்சு வாங்கி நின்னுடும், பிரேக்கு பிடிக்காது, அதனால கிளீனரு பெரிய மரக்கட்டையத் தூக்கிக்கினு பின்னாலயே ஓடி வரணும், வண்டி நின்ன உடனே பின் சக்கரத்துக்குக் கட்டை போடணும். எங்க அண்ணன் ஞானமுத்துவுக்கு அதான் வேலை. ஒரு வருஷம் மழையில மூணாவது வளைவுல சக்கரம் அவன் மேல ஏறி, அங்கயே செத்துட்டான். டிரைவர் மாணிக்கம் போலீஸ்ல இன்னா சொன்னான் தெரியுமா? அவன் குடிச்சிருந்தான்னு. சாராய வாசனை பட்டாலே குமட்டிக்கினு ஓடுறவன் எங்க அண்ணன்!

மறுவருஷம் ஐப்பசியில, வி.கோட்டாவுல தாய்வீட்டுல இருந்த அண்ணியப் பாக்க அதே பஸ்ல ஏறுனேன். வேற வழி இல்ல. எனக்குத் தோல் பதம் பண்ற டேனரில சுண்ணாம்புத் தொட்டி வேலை, குளிச்சாலும் தோல் நாத்தம் போகாது. முன்னால உக்காந்திருந்தவங்க மூக்கப் பொத்திக்கினாங்க. அவங்க கால்ல கெடந்த செருப்பு மட்டும் எங்கிருந்து வந்துச்சாம்? நர்ஸம்மா ஒருத்தங்கதான், "உக்காரட்டும் விடுங்க, மழை பெய்யுது"ன்னாங்க. மாணிக்கம் கேக்கல. கிளீனரு அன்னைக்குக் காய்ச்சல்னு வரல. மலையடிவாரத்துல வண்டிய நிறுத்தி, "எறங்குடா. கட்டையத் தூக்கிக்கினு வா, உங்க அண்ணன் வேலைதானே"ன்னு இளிச்சான்.

அண்ணன் வேலையாம். ரத்தம் கொதிச்சுது எனக்கு. உள்ள இருக்கறவங்க, பாறையில தண்ணி எப்டி வழியுது பாரு, மேகம் எவ்ளோ கீழ வந்துச்சு பாருன்னு ரசிச்சுக்கினு வர்றாங்க, நான் சேத்துல வெறுங்காலோட பின்னால ஓடுறேன். பகல்தான், ஆனா மழை இருட்டு.

மூணாவது வளைவுல இன்ஜின் நின்னுச்சு. வண்டி பின்னால உருள ஆரம்பிச்சுது, பின்னால கிடுகிடு பள்ளம். "கட்டைடா! கட்டையப் போட்றா!"ன்னு மாணிக்கம் அலறுறான். நான் போடல. கேட்டியா? கை நடுங்கி இல்ல, வேணும்னேதான் போடல. போய்த் தொலையட்டும்னு ஒதுங்கி நின்னேன். பின் ஜன்னல்ல நர்ஸம்மா மூஞ்சி தெரிஞ்சுது. அப்பவும் போடல.

சக்கரம் தானா நின்னுச்சு.

குனிஞ்சு பாத்தேன். சக்கரத்துக்குக் கீழ கல்லு கூட இல்ல. பின்னால செம்மண்ணுல ரெண்டு வெறுங்கால் தடம், குதிகால் நல்லா புதைஞ்சு, யாரோ வண்டிக்கு முதுகக் குடுத்து நின்ன மாதிரி. எடது கால்ல சுண்டு விரல் இல்ல. முன்ன டேனரில இருந்தப்ப கத்தி பட்டு அண்ணனுக்குப் போன விரலு அது. எனக்குப் பத்து விரலும் இருக்கு, வேணும்னா எண்ணிக்கோ.

அந்தத் தடத்து மேலயே கட்டையச் சொருகினேன். மாணிக்கம் எறங்கி வந்து, "நல்ல சமயத்துல போட்டடா"ன்னு முதுகுல தட்டுனான். அதோட ஏத்தம் முடிஞ்சுது, என்னை முன் சீட்டுல உக்கார வெச்சான். மூக்கப் பொத்துனவங்கள்லாம் மகராசன்னு கும்புட்றாங்க. த்தூ!

வி.கோட்டாவுல எறங்குனதும் நர்ஸம்மா என்னைத் தனியா கூப்ட்டாங்க. நான் சும்மா நின்னதப் பாத்துட்டாங்கன்னு தலை குனிஞ்சு நின்னேன். அவங்க அதக் கேக்கல. "உங்க பக்கத்துலயே ஓடி வந்தாரே ஒருத்தர், முதுகக் குடுத்து வண்டிய நிறுத்துனாரே, அவர ஏன் ஏத்திக்கல? நாம கெளம்புனப்ப மழையில நின்னு நம்மளயே பாத்துட்டு இருந்தாரு"ன்னாங்க.

மாணிக்கம் சாகற வரைக்கும் எங்க அண்ணனக் குடிகாரன்னுதான் சொன்னான், பாவி. அண்ணன் யாரக் காப்பாத்த வந்தான்? அவனுங்களையா, இல்ல கொலைகாரனாகாம என்னையா? தெரியல. மழை இருட்டுனா இப்பவும் என்னை அறுக்குறது வேற. முன் சீட்டுல சொகமா உக்காந்து போனேனே, ஒரு தரம் திரும்பிப் பாக்கல. அன்னைக்கும் அவனை மழையிலயே விட்டுட்டு வந்துட்டோம், நானும் சேந்து.