மூன்றடி மண்ணில் ஒரு மாங்கன்று

கார் வாங்கியது என் கணவர். வெட்டுப்பட்டது என் மாமரம். மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு முன்னால் அது நின்ற இடத்தில்தான் கார் நிற்க வேண்டுமாம். மரம் போன கையோடு மிச்ச இடத்துக்கும் சிமெண்ட் பூச ஆள் வந்துவிட்டார். நான் சுவரோரம் போய் நின்றுகொண்டு, இந்த மூன்றடி மண்ணில் கை வைத்தால் நடக்கிறதே வேறு என்றேன். கொத்தனார் என் கணவரைப் பார்த்தார். அவர் காரைப் பார்த்தார். மூன்றடி தப்பியது.

அதில் ஒட்டு மாங்கன்று ஒன்றை வைத்தேன். காய்க்காவிட்டாலும் பரவாயில்லை. அந்தக் காரை விட உயரமாக அது நிற்பதை இந்த மனிதர் தினமும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

தண்ணீருக்கு ஒரு ஏற்பாடு செய்தேன். எங்கள் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, குடிக்க ஆர்.ஓ. மெஷின்தான். அது ஒரு குடம் நல்ல தண்ணீர் தருவதற்குள் அதை விட அதிகமாக வேஸ்ட் என்று வெளியே தள்ளும். அந்த வேஸ்ட் டியூபை ஜன்னல் வழியாகக் கொண்டுபோய்க் கன்றின் அடியில் விட்டேன். தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமையும் பட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் இலை ஓரமெல்லாம் கருக ஆரம்பித்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மாடியில் குடியிருக்கும் பெண்ணின் வாஷிங் மெஷின் பைப் அந்தச் சுவரோரம்தான் இறங்குகிறது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், ஐ.டி.யில் வேலை. படியேறிப் போய், சோப்புத் தண்ணீர் விட்டுச் செடியைக் கொல்கிறாயே என்று கத்தினேன்.

"பைப்பு நேரா சாக்கடைக்குல்லா போவுது, வந்து பாருங்கக்கா."

நான் பார்க்கவில்லை. உன்னை இப்படி வளர்த்தவர்களைச் சொல்ல வேண்டும் என்று அவளைப் பெற்றவர்கள் வரை இழுத்துவிட்டேன். அவள் கதவை மெதுவாகச் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால் எனக்குச் சண்டையைத் தொடர வசதியாக இருந்திருக்கும்.

கன்று வாட வாட, வேஸ்ட் தண்ணீரை வாளியிலும் பிடித்துக் கூடுதலாக ஊற்றினேன். அப்போதுதான் மெஷினுக்கு ஃபில்டர் மாற்ற வந்தவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா இது? தண்ணியில கீற உப்பையெல்லாம் பிரிச்சி வெளிய தள்ளத்தான் இந்த டியூபே கீது. அத்தப் போய் செடிக்கு உட்டுகினு கீறீங்க."

என் கணவர் சிரித்தார். கார் சாவியைப் பிடுங்கி அயனம்பாக்கம் ஏரியில் எறியலாம் போலிருந்தது. ஆனால் அவர் மேல் வந்த கோபம் கொஞ்சம்தான். மீதி முழுக்க என் மேல்.

டியூபைப் பிடுங்கினேன். மேல் மண்ணை வெட்டி எடுத்துவிட்டு வேறு மண் போட்டேன். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பார்த்துப் பார்த்து ஊற்றினேன். மழைக்காலம் முடிகிற சமயம் செம்பு நிறத்தில் நாலு தளிர் விட்டது. அன்றே மாடிப்பெண்ணைப் படியில் நிறுத்தி, தப்பு என்னுடைய டியூப் மேல்தான், மன்னித்துக்கொள் என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

"பரவாயில்லைங்க மேடம்," என்றாள்.

குடிவந்த நாளிலிருந்து அக்கா என்று கூப்பிட்டவள். கன்று இப்போது காரின் பானெட் உயரத்துக்கு வந்துவிட்டது. அவள் இன்னும் மேடம் என்றுதான் சொல்கிறாள். கேட்கும்போதெல்லாம் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.