கடைசிக் குழி சூசை மேஸ்திரியுடையது

சூசை மேஸ்திரி இறந்த செய்தியைக் கூடலூரிலிருந்து அரிசி ஏற்றிவந்த வண்டிக்காரர்தான் மலைக்குக் கொண்டுவந்தார். நான் பேட்டரி செல்களுக்குத் திராவகம் ஊற்றிக்கொண்டிருந்தேன். "காய்ச்சலோட எறங்கிப் போனாகள்ல, சூசை மேஸ்திரி, அவுக போய்ட்டாக தம்பி. நேத்து அடக்கம்" என்றார். கையில் திராவகம் இருந்தது. ஊற்றி முடித்த பிறகுதான் எழுந்தேன்.

சுரங்கத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரைச் சாந்த சொரூபி என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். அவர் சத்தம் போடுவார். காலையில் ஜெபம் சொன்ன வாயாலேயே பாறையைத் திட்டுவார். மின்சாரத்தைப் பற்றி நான் சொன்னதில் பாதி அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அதை அவரே சொல்வார்.

சென்னையில் படிப்பை முடித்து இந்தச் சுரங்க வேலைக்கு நான் வந்தபோது, பாறையில் குழி போட்டு வெடிமருந்து வைத்து, எல்லாக் குழிகளையும் கம்பியால் இணைத்து, தூரத்திலிருந்து பேட்டரியால் வெடிக்கும் முறை புதிது. கம்பியும் பேட்டரியும் என் பொறுப்பு. குழி போட இரண்டு கூட்டம். ஒன்று, சூசையின் தலைமையில் வேதக்கார ஊர்களிலிருந்து வந்தது. மற்றது, மாயாண்டியின் தலைமையில் கம்பம் பக்கத்து விவசாயிகள். நான் கம்பியைத் தொடராகக் கட்டினேன். பேட்டரியில் புறப்படும் கம்பி முதல் குழியின் கேப்புக்குள் புகுந்து வெளிவந்து, அடுத்ததற்குள் புகுந்து, கடைசிக் குழி வழியாகப் பேட்டரிக்கே திரும்பும். மருந்தைப் பற்றவைப்பது அந்தக் கேப்புத்தான்.

முதல் நாளே சண்டை. கம்பி தன் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றார் மாயாண்டி. ஏன் என்றேன்.

"தலைமடைக்காரன் குடிச்சது போகத்தானே கடைமடைக்கு? கடைசிக் குழிக்கு உங்க கரண்டு என்னத்த மிஞ்சும்? அரைகொறையா வெடிச்ச குழில நாங்கதானே கடப்பாரை போடணும்?"

வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்த யாருக்கும் அப்படித்தான் தோன்றும். இரு கூட்டமும் தண்ணீர் முறை வைப்பதுபோல் முறை பேசிக்கொண்டன. ஒருநாள் அந்தப் பக்கம் தலை, மறுநாள் இந்தப் பக்கம். எனக்கு எரிச்சலாக வந்தது. தொடரில் ஓட்டம் எங்கும் ஒன்றே. நடுவில் யாரும் குடித்துவிட முடியாது. பங்கு போவது ஓட்டமல்ல, அதைத் தள்ளுகிற அழுத்தம். அதுவும் தலைக்கு அதிகம், கடைக்குக் குறைவு என்று போகாது. ஒரே மாதிரிக் கேப்புகள் என்றால் பங்கும் சமம்.

வெட்டவெளியில், மருந்தே இல்லாமல், கேப்புகளுக்குப் பதில் கம்பிச் சுருள்களைக் கோத்துக் காட்டினேன். ஓட்டத்தை அளக்கும் முள் கருவியைத் தொடரின் தலைப்பக்கம் வைத்தேன். பிறகு கடைசிப் பக்கம் வைத்தேன். முள் ஒரே இடத்தில் நின்றது.

"முள்ளுக்கென்ன, நீங்க சொன்ன எடத்துல நிக்கும்" என்றார் மாயாண்டி. அவர் ஆட்கள் சிரித்தார்கள்.

சூசை மேஸ்திரி சிரிக்கவில்லை. "தம்பி, கடைசிக் குழியும் அதே மாதிரி வெடிக்குமா?"

"வெடிக்கும். ஒன்று அறுந்திருந்தால் எதுவுமே வெடிக்காது. ஒன்று மட்டும் வெடிக்காமல் பதுங்கிக் கிடப்பது இதில் அநேகமாக நடக்காது."

"அநேகமான்னா?"

"கேப்பே கெட்டதாக இருந்தால் எனக்குத் தெரியாது."

"சரி. தெரியாததத் தெரியாதுங்கிற ஆளு வெடிக்கும்னு சொன்னா நம்பலாம். ஏலே மாயாண்டி, முறையும் வேணாம் கிறையும் வேணாம். கடைசிக் குழி இனிமே எனக்கு. தலைமடைய நீயே வச்சுக்க."

அன்றுமுதல் கடைசிக் குழி அவருடையது. வெடித்துப் புகை அடங்கியதும் அவரே முதலில் உள்ளே போய்ப் பார்ப்பார். பிறகுதான் ஆட்களைக் கூப்பிடுவார். கணக்கு எனக்குத் தெரியும். அதை நம்பி நடந்து போனது அவர்.

போன மழைக்காலத்தில் வண்டிகள் மலையேற முடியவில்லை. பேட்டரிக்கு ஊற்றத் திராவகம் வரவில்லை. அழுத்தம் குறைந்துபோனது. இருந்த கொஞ்சத்தையும் அத்தனை கேப்புகள் பங்குபோட்டால், கேப்பைச் சூடேற்றும் அளவுக்கு ஓட்டம் இல்லை. வெடிக்கவைக்கும் பிடியை அழுத்தினால் சத்தமே இல்லை. வேலை நின்றது. இணையாகக் கட்டு என்று மேலிருந்து உத்தரவு வந்தது. ஒவ்வொரு கேப்பும் பேட்டரியோடு தனித்தனியாகச் சேரும். ஒவ்வொன்றுக்கும் முழு அழுத்தமும் கிடைக்கும். பேட்டரிதான் எல்லா ஓட்டத்தையும் கூட்டிக் கொடுக்க வேண்டும். கொடுக்கும் என்று கணக்கு சொன்னது.

கட்டும்போது சூசை மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்றார். "இதுலயும் ஒண்ணு அறுந்தா ஒண்ணும் வெடிக்காதா?"

"இல்லை. இதில் அவனவன் பாடு அவனவனுக்கு. ஒன்று அறுந்தாலும் மற்றவை வெடிக்கும்."

"அறுந்தது?"

"மருந்தோடு அங்கேயே கிடக்கும். வெளியிலிருந்து எனக்குத் தெரியாது."



வெடித்தது. நல்ல சத்தம். ஆட்கள் கடப்பாரையோடு ஓடினார்கள். மேஸ்திரி சுரங்க வாசலில் குறுக்கே நின்றுகொண்டார். "இரும்பு ஒண்ணும் உள்ள போகக்கூடாது. கையால கல்லப் பொறுக்கு. ஒவ்வொரு குழியோட அடியும் என் கண்ணுக்குத் தெரியணும்."

வேலையை நடத்தும் வெள்ளைக்காரத் துரை வந்து கத்தினார். வேலை போய்விடும் என்றார். "போகட்டும் தொரை. ஆளு போனா வருவானா?" என்றார் மேஸ்திரி. துரை என்னைப் பார்த்தார். மேஸ்திரி சொல்வது சரி, எல்லாம் வெடித்ததாக என்னால் சொல்ல முடியாது என்றேன். துரை தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பாதி நாள் கல் பொறுக்கினார்கள். எல்லோரும் சந்தேகப்பட்டது கடைசிக் குழியை. அது சுத்தமாக வெடித்திருந்தது. மருந்தோடு கிடந்தது முதல் குழி, மாயாண்டியின் குழி. மருந்தின் மேல் மண் இறுக்கும்போது கம்பி அறுந்திருக்கிறது. கடப்பாரை முதலில் இறங்கியிருக்கக்கூடிய இடமும் அதுதான்.

மாயாண்டி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "தலைமடைக்கே தண்ணி வரலையேண்ணே" என்றார்.

"வாய மூடிட்டு வெளிய வாலே" என்றார் சூசை மேஸ்திரி. மாயாண்டியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

அந்தக் குழியை யாரும் தொடவில்லை. சற்றுத் தள்ளி வேறு குழி போட்டு அதையும் சேர்த்து வெடித்தோம். இனி இணையாகக் கட்ட மாட்டேன் என்று துரையிடம் சொன்னேன். குடையும் பாறை முகத்தைப் பாதி பாதியாகப் பிரித்து, தொடராகவே கட்டுகிறேன்; பாதிக் கேப்புகள்தான் என்பதால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பங்கு அழுத்தம் கிடைக்கும், வேலைதான் தாமதமாகும் என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே சம்மதித்தார். இப்போதும் அப்படித்தான் நடக்கிறது.

மலைக் காய்ச்சல் எத்தனையோ பேரைக் கொண்டுபோனது போலவே அவரையும் கொண்டுபோனது. இதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. கீழே இறங்கும்போது கட்டிலில் வைத்துத் தூக்கிப் போனார்கள். என்னைக் கண்டதும், "ஓட்டம் ஒண்ணு, தள்ளுறதுதான் பங்கு. சரியா தம்பி?" என்றார். சரி என்றேன். "எப்படின்னு மட்டும் கேக்காதீக" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். பிடியை அழுத்துமுன் கம்பி எப்படிக் கட்டியிருக்கிறது என்று இரு கூட்டத்தின் காதிலும் விழும்படி சொல்கிறேன். எனக்குத் தெரியாதது எது என்றும் சொல்கிறேன்.

செய்தி வந்த மறுநாள் கம்பி கோக்கும்போது மாயாண்டி கேட்டார்: "கடைசிக் குழி இனி யாருக்கு? வெடிச்சதும் யாரு மொதல்ல போறது?"

எனக்கு என்றேன். புகை அடங்கியதும் உள்ளே போனேன்.