திருநீறு பூசிய விமானம்

எங்கள் ஜாதகத்தில் பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்றார்கள். பொருந்தாத அந்த ஒன்று பேச்சு என்பதை யாரும் சொல்லவில்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. கல்யாணமாகி நான்கு மாதம். ஜெலுத்தோங் ஃபிளாட்டில் நாங்கள் இரண்டே பேர். அவர் டவுனில் ஓர் ஆபீசில் கிளார்க். "சோறு போடவா?" என்றால் "ம்." "உப்பு போதுமா?" என்றால் அதற்கும் "ம்." என்னைக் கூப்பிட வேண்டுமானால் "இந்தா." எனக்கோ வாய் நீளம். சுவரோடு பேசப் பழகிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் அவர் வாய் திறக்கும். பிளாஸ்டிக் விமானம். பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும். ஒவ்வொன்றாக வெட்டியெடுத்துப் பசை போட்டு ஒட்ட வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே ஒரு ஜெட்டைத் தொடங்கியிருந்தார். முக்கோண இறக்கை, சாம்பல் நிறம். எதிர்க்கரை பட்டர்வொர்த் விமானத்தளத்திலிருந்து கிளம்பிக் கடலுக்கு மேலே வரும் அந்த ஜெட்டைப் பார்க்கப் பள்ளிக்கூட மதில்மேல் ஏறி நின்று அடி வாங்கினாராம். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு அரைமணி நேரம் ஆனது. அந்த அரைமணி நேரம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பெட்டியை வாரநாளில் தொடவே மாட்டார். ஞாயிற்றுக்கிழமை, அதுவும் குளித்துவிட்டுத்தான் திறப்பார். ஒரு வருஷத்து ஞாயிறுகள் அதற்குள் இருந்தன. வரப்போகும் ஞாயிறு மத்தியானம், கடைகள் நிறைந்த டவுன் கொம்ப்ளெக்ஸின் மேல்மாடியில் இப்படி விமானம் செய்கிறவர்களின் கண்காட்சி. ஸ்டிக்கர் ஒட்டுவது ஒன்றுதான் பாக்கி.

திங்கட்கிழமை எனக்கு மத்தியான ஷிஃப்ட். பாயான் பாரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் மைக்ராஸ்கோப்புக்குள் பார்த்து, மயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியை இணைக்கும் வேலை. இணைப்பு எங்கே இருந்தாலும் கண் அங்கேதான் போகும். காலையில் அவர் போனதும், இதை எப்படி ஒட்டியிருக்கிறார் என்று பார்க்கப் பெட்டியைத் திறந்தேன். இடது இறக்கையில் பசைபட்ட கட்டைவிரல் ரேகை ஒன்று இருந்தது. ஃபேக்டரியில் அழுக்கைப் பார்த்தால் பஞ்சை மருந்தில் நனைத்துத் துடைப்போம். வீட்டில் இருந்தது நகப்பூச்சு அழிக்கும் மருந்து. துடைத்தேன். ரேகை போனது. கூடவே பெயின்ட் போனது. அப்புறம் இறக்கையே இளகிப் பஞ்சோடு ஒட்டிக்கொண்டு வெயிலில் வைத்த மெழுகுவர்த்திபோல் தொங்கியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

திட்டுகிற மனிதராக இருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன், திரும்பத் திட்டியிருப்பேன். இவர் ஒன்றும் சொல்லாமல் பெட்டியை மூடிவிட்டால், அதற்குப் பிறகு இந்த வீட்டில் பேச என்ன மிச்சம் இருக்கும்?

மறுநாள் காலை பஸ் பிடித்து டவுன் பொம்மைக் கடைக்குப் போனேன். பெட்டிமேல் இருந்த பெயரைக் காட்டினேன். "ஹபிஸ்," என்றார் கடை முதலாளி, சீனத் தவுக்கே, மலாயில். தீர்ந்துவிட்டதாம். வேறொரு பெட்டியை நீட்டி, "சாமா லா, ஜெட் ஜுகா," என்றார். எல்லாம் ஒன்றுதான், இதுவும் ஜெட்தான் என்று அர்த்தம். நானும் நம்பி வாங்கி வந்தேன்.

வீட்டில் வைத்துப் பார்த்தால் இறக்கை ஒவ்வொன்றும் பழைய இறக்கையைவிட ஒன்றரை மடங்கு நீளம். எனக்குப் புரியவில்லை. இரண்டும் நிஜத்தில் ஏறக்குறைய ஒரே அளவு ஜெட் என்று பெட்டிப் படமே சொல்கிறதே. கடைசியில் புதுப் பெட்டியிலிருந்த பைலட் பொம்மையை எடுத்து, பழைய பைலட்டுக்குப் பக்கத்தில் பிடித்தேன். பழையவன் தலை புதியவன் நெஞ்சுக்குத்தான் வந்தது. அப்போதுதான் பெட்டி ஓரத்து எண்களைப் படித்தேன். பழையது நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு, புதியது நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. சட்டையைப் பார்க்காமல் ஆளை அளந்திருக்க வேண்டும்!

பெரிய விமானத்தின் இறக்கை ஆகாது. ஆனால் அதன் வாலில் இரண்டு குட்டி இறக்கைகள் இருந்தன. எடுத்து வைத்துப் பார்த்தேன். சின்ன விமானத்துக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. பெரியவன் வால் சின்னவனுக்கு இறக்கை! அந்த நிமிஷத்தில் நான் பயத்தை மறந்துவிட்டேன், உண்மையைச் சொன்னால் புருஷனையும் மறந்துவிட்டேன். முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு என்று நன்றாக இருந்த வலது இறக்கையையும் அறுத்தேன்.

புதன், வியாழன் காலைகள் ஒட்டுவதில் போயின. வெள்ளிக்கிழமை பார்த்தால் இறக்கைக்கும் உடம்புக்கும் நடுவே அரிசி நுழையும் இடைவெளி. எதை வைத்து அடைப்பது? மாவு நிற்காது, பவுடர் தீர்ந்திருந்தது. சாமி தட்டில் திருநீறு இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒரு சிட்டிகை எடுத்து, நிறமில்லாத நகப்பூச்சில் குழைத்து அடைத்தேன். காய்ந்ததும் நகம் தேய்க்கும் அரத்தால் தேய்த்தேன். கல்லாட்டம் நின்றது. இரண்டு தோளிலும் சாம்பல் பட்டையோடு, கோயிலுக்குப் போய்வந்த ஜெட்!

ஞாயிறு. குளித்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்தார். "நான்தாங்க," என்று சமையலறை வாசலிலிருந்தே ஆரம்பித்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். உருகிய இறக்கையை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் அதை விரலால் தடவினார்.

"ஒரு வருஷம்," என்றார்.

திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் விமானத்தைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தார். திருப்பினார். திரும்பத் திருப்பினார். இணைப்பில் நகத்தை ஓட்டினார்.

"இது வாலாச்சே?"

"ஆமா. பெரிய ப்ளேனோட வாலு."

"இடுக்க எதால அடைச்ச?"

"திருநீறு. நெயில் பாலிஷ்ல கொழைச்சேன்."

"சாமி தட்டுலேருந்தா?"

"பின்ன, பொம்மைக் கடையிலயா விக்கிறாங்க?"

அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து கிட்டப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல், அதிலும் கஞ்சத்தனம்.

"நெசமாவே இப்படி ஒரு ப்ளேன் இருந்தா பறக்குமா?" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டேன்.

கேட்டது தப்பாய்ப் போயிற்று. கொம்ப்ளெக்ஸ் போகும் பஸ் முழுக்கப் பதில் சொன்னார். இறக்கை குட்டை, அதனால் வேகமாகத்தான் இறங்க முடியும், நீளமான ஓடுபாதை வேண்டும் லா என்று கையை விரித்து விரித்துக் காட்டியதில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார். மடியில் விமானத்தை நான் வைத்திருந்தேன்.

கண்காட்சி மேசையில் ஒவ்வொரு விமானத்துக்கு முன்னாலும் ஓர் அட்டை. விமானத்தின் பெயர், செய்தவர் பெயர். அவர் வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு வந்ததைத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். விமானத்தின் பெயருக்கு இடம் மட்டும் விட்டார். அதற்குக் கீழே தன் பெயர். கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் என் பெயர்.

நான்கு மாதத்தில் அந்தப் பெயரை அவர் ஒருதரமும் சொன்னதில்லை. எழுதியதில் ஓர் எழுத்தை விட்டிருந்தார். எனக்குப் பொறுக்குமா? பேனாவைப் பிடுங்கி, இடுக்கில் அந்த எழுத்தை நானே செருகினேன்.

அவர் குனிந்து, திருத்திய பெயரை மெதுவாக, சத்தமாக வாசித்தார்.

"ம்," என்றேன்.