டோக்கன் அக்கா எம்.பி.ஏ. படிக்கப் போன கதை

அந்தச் சலவைக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டோக்கன் அக்கா என்றால்தான் தெரியும். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறையை ஒட்டி இருந்தது கூடம். ஒரு நாளைக்கு மூவாயிரம் துணி. படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளிகளின் அங்கி, ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர்கள் போட்டுக்கொள்ளும் மேலங்கி. அவள் மேற்பார்வையாளராக வந்த புதிதில் வார்டுக்கு வார்டு சண்டை. எலும்பு முறிவு வார்டின் விரிப்பு பிரசவ வார்டில் கிடக்கும். பிரசவ வார்டின் உறை போன இடமே தெரியாது. அவள் ஒவ்வொரு மூட்டைக்கும் பிளாஸ்டிக் டோக்கன் கட்டினாள், வார்டுக்கு ஒரு நிறமாக. மூன்றே மாதத்தில் சண்டை அடங்கியது. பெயரும் ஒட்டிக்கொண்டது.

இந்தக் கதை தொடங்கும்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. தபால் வழியில் பி.காம். முடித்தவள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஆறு வயதில் ஒரு மகள்.

சுற்றிலும் இருந்த சின்ன ஆஸ்பத்திரிகள் கண்ட இடத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தன. சிலவற்றில் ஆயாக்களே மொட்டைமாடியில் அலசிப்போட்டார்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரே கூடம் வைத்தால் என்ன என்று ஒரு நாள் மேனேஜரிடம் கேட்டாள்.

"துவைக்கிறது உனக்குத் தெரியும்மா. தொழில் நடத்துறது வேற. அதெல்லாம் அதுக்குன்னு படிச்சவங்க சமாச்சாரம்."

மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. மனசில் பட்டதைச் சொன்னார், அவ்வளவுதான்.

"அப்ப படிச்சிட்டு வர்றேன் சார்" என்றாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

தேடிப் பார்த்ததில், வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றில் ஓராண்டு எம்.பி.ஏ. இருப்பது தெரிந்தது. வேலை பார்த்துக்கொண்டிருப்பவர்களில் ஆண்டுக்கு நான்கு பேருக்கு முழு உதவித்தொகை, விமான டிக்கெட் உட்பட.

"நாலு பேரா? உலகம் பூராவுக்குமா?" என்று கணவன் வாயைப் பிளந்தான்.

"எனக்கு ஒரு இடம் போதுமே. மிச்சம் மூணை யாராவது எடுத்துக்கட்டும்."

முதலில் நுழைவுத் தேர்வு. பள்ளிக்கூடத்தோடு கைகழுவிய கணக்கெல்லாம் திரும்ப வந்து மிரட்டியது. ஒரு சலவைச் சுற்று நாற்பத்திரண்டு நிமிடம் ஓடும். மெஷினில் துணியை ஏற்றிவிட்டு, சோப்புத்தூள் டிரம்மின் மேல் நோட்டை வைத்துக்கொண்டு, சுற்று முடிவதற்குள் இருபது கணக்கு என்று வரம்பு வைத்துக்கொண்டாள். முதல் மாதம் பன்னிரண்டைத் தாண்டவில்லை. நான்காம் மாதம் இருபத்து மூன்று போட்டாள். தேர்விலும் தப்பித்தாள்.

விண்ணப்பத்தோடு அனுப்பவேண்டிய கட்டுரையில்தான் கவிழ்ந்தாள். இணையத்தில் கிடைத்த மாதிரிகளைப் பார்த்துப் பார்த்து, பெரிய பெரிய வார்த்தையாகக் கோத்து அனுப்பினாள். மேனேஜர் கொடுத்த பரிந்துரைக் கடிதம் நான்கே வரி. நேரத்துக்கு வருவாள் என்பதைத்தான் இரண்டு விதமாகச் சொல்லியிருந்தார். 'வருந்துகிறோம்' என்று பதில் வந்தது. இஸ்திரிப் பகுதிக்குப் போய், நீராவி மறைப்பில் கொஞ்ச நேரம் அழுதாள். அங்கே எல்லார் முகமும் ஈரமாகத்தான் இருக்கும், யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். கணவனின் அக்கா, கோர்ட்டில் தட்டச்சாளர். இருபது வருஷமாக அடுத்தவர் வாக்குமூலத்தை அடித்து அடித்து, பொய் எது, பூச்சு எது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். அந்தக் கட்டுரையைக் கையில் வாங்கி, எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி வரிவரியாகப் படித்தாள்.

"தலைமைப் பண்பு, தலைமைப் பண்புன்னு எட்டு இடத்துல வருது. உன்னை ஒரு இடத்துலகூடக் காணோமே!"

"எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க, அண்ணி."

"அதான் எல்லாரோடயும் சேர்த்து உன்னையும் தள்ளிட்டாங்க. சரி, நீ உருப்படியா சொதப்பின வேலை ஏதாவது இருக்கா?"

இருந்தது. அதை அவள் அதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன், துணி பிரிக்கும் வேலைக்கு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். சேர்ந்த வாரமே தியேட்டருக்குப் போகவேண்டிய பச்சை டோக்கன் மூட்டைகளை, சிவப்பு டோக்கன் வைத்திருந்த எலும்பு முறிவு வார்டுக்கு அனுப்பிவிட்டார். காலையில் தியேட்டரில் மேலங்கி இல்லை. இரண்டு ஆபரேஷன்கள் மதியத்துக்குத் தள்ளிப்போயின. தலைமை நர்ஸ் கூடத்துக்கே இறங்கி வந்து, அத்தனை பேர் முன்னால் அவளைக் கிழிகிழி என்று கிழித்தார். அந்தக் கோபத்தை அவள் அப்படியே அந்த மனிதர்மேல் கொட்டினாள். கண் எங்கே வச்சிருக்கீங்க என்றுகூடக் கேட்டுவிட்டாள்.

மறுநாள் அவர் இரண்டு டோக்கன்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு என்னவோ போலிருந்தது. பக்கத்தில் போய், "இது என்ன கலர்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தாம்மா தெரியுது. சொன்னா வேலைக்கு எடுக்க மாட்டாங்கன்னு சொல்லல" என்றார் அவர்.

அன்றைக்கே கத்திரிக்கோலை எடுத்து டோக்கன்களை வெட்டினாள். தியேட்டருக்கு முக்கோணம், பிரசவ வார்டுக்கு வட்டம், எலும்பு முறிவுக்குச் சதுரம். பிறகு அவரைத் திட்டிய அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டாள். அதற்குப் பிறகு தியேட்டர் மூட்டை ஒன்றுகூட இடம் மாறவில்லை.

நாத்தனார் பழைய கட்டுரையை மடித்து ஓரமாக வைத்தாள். "இதை எழுதுடி" என்றாள். "ஒரு வார்த்தை பெரிசா இருந்தா நான் அடிச்சுடுவேன்."

அடுத்த ஆண்டு விண்ணப்பத்துக்காக ஏழு முறை எழுதினாள், ஏழு முறையும் அடித்தல் திருத்தல். இனிப் பரிந்துரைக் கடிதம். மேனேஜரின் நான்கு வரி போதாது என்று பட்டது. மதிய இடைவேளையில் நேரே தலைமை நர்ஸின் அறைக்குப் போனாள்.

"என்கிட்டயா கேட்கிற?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னைக்கு உன்னைத் திட்டினதுல எனக்குத் தொண்டையே கட்டிப்போச்சு, ஞாபகம் இருக்கா?"

"அதனாலதான் மேடம் வந்தேன். அன்னைக்கு நடந்ததையும் பார்த்தீங்க, அப்புறம் நடந்ததையும் பார்த்தீங்க."

"நடந்ததை நடந்தபடிதான் எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

"அது போதும் மேடம்."

இரண்டு பக்கம் எழுதி, உறையை ஒட்டிக் கொடுத்தார். உள்ளே என்ன இருந்தது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

இந்த முறை நேர்காணலுக்கு அழைத்தார்கள். வீட்டிலிருந்தே, கணினித் திரை வழியாக. கணவன் கடகடவென்று சத்தம் போடும் மின்விசிறியை நிறுத்தினான். அப்புறம் மாடிப்படியில் ஏறிப்போய், ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, "அரை மணி நேரம் மிக்ஸி போடாதீங்க, வீட்டுல பரீட்சை" என்று சொல்லிவிட்டு, காவல்காரன் மாதிரி படியிலேயே உட்கார்ந்துகொண்டான். உள்ளே அவள் வியர்த்துக் கொட்டிக்கொண்டு மூன்று முகங்களுக்கு நேரே உட்கார்ந்திருந்தாள்.

அவர்களில் ஒருவர் கேட்டார்: "உங்கள் முறை சரியானதுதானே? ஊழியர் தன் குறையை மறைத்ததால்தானே தவறு நடந்தது?"

தப்பித்துக்கொள்ள வழி விட்டுத்தான் கேட்டிருந்தார். அவள் தன் நிதானமான ஆங்கிலத்தில், "இல்லை. என் கண்ணுக்குத் தெரிவது எல்லார் கண்ணுக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு செய்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவரிடம் நான் கேட்டிருக்கவேண்டும். அவர் மறைத்தது பயத்தினால். அந்தப் பயம் இருக்கும் இடமாகக் கூடத்தை வைத்திருந்ததும் நான்தான்" என்றாள். மூன்று பேரும் எதையோ குறித்துக்கொண்டார்கள்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு முற்பகலில், உலர்த்தும் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தபோது கைப்பேசியில் கடிதம் வந்தது. மூன்று தரம் படித்தும் நம்பிக்கை வரவில்லை. கோர்ட்டுக்கு அனுப்பினாள். உடனே நாத்தனாரிடமிருந்து அழைப்பு.

"சந்தேகத்துக்கே இடமில்ல. நாலு பேர்ல நீ ஒருத்தி" என்றாள்.

மகளிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

"ஒரு வருஷம்னா எத்தனை தூக்கம்மா?"

குறைத்துச் சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. "முந்நூத்தி அறுபத்தஞ்சு."

குழந்தை இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் தானே வந்து, பள்ளிக்கூடம் கிளம்பும் முன் தினமும் கூப்பிடவேண்டும், ஒரு நாள் தவறினாலும் பேச மாட்டேன் என்று நிபந்தனை போட்டது. அவள் ஒரு நாளும் தவறவில்லை. அங்கே அது எந்த நேரமாக இருந்தாலும்.

படிப்பு லேசில் வசப்படவில்லை. முதல் தேர்வில் வகுப்பிலேயே கடைசியிலிருந்து மூன்றாவது. முன்வரிசைக்கு இடம் மாறினாள். புரியாததைப் புரியும்வரை கேட்டாள். பேராசிரியர்கள் இவள் கை தூக்கினாலே கடிகாரத்தைப் பார்க்கும் அளவுக்குக் கேட்டாள். ஆண்டு முடிவில் நடுவரிசை மதிப்பெண்ணோடும், பொதுச் சலவைக்கூடத்துக்கான முழுத் திட்டத்தோடும் திரும்பி வந்தாள்.

மேனேஜர் திட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு, சாவகாசமாகப் பார்க்கலாம் என்றார். அவள் காத்திருக்கவில்லை. வேலையை விட்டாள். இருபது படுக்கை கொண்ட ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியின் டாக்டரைப் போய்ப் பார்த்தாள். முதல் தடவை நேரம் இல்லை என்றார். இரண்டாம் தடவை தேவை இல்லை என்றார். மூன்றாம் தடவை, "நீங்க விடவே மாட்டீங்களா?" என்றார். நான்காம் தடவை நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்தாள், காகிதங்களை மேஜைமேல் பரப்பினாள், வாரத்துக்கு எத்தனை விரிப்பு மாற்றுகிறீர்கள் என்று கேட்டு, பேனா மூடியைத் திறந்தாள்.