பின்னறையில் பழுத்த பலா

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஓவேலியில், ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் வீட்டு வரிசையான லைனில், ஆனி மாத மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் இது நடந்தது. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். அம்மா கொழுந்து பறிப்பவர், அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர். இரண்டு பேருக்குமே கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான், விமானம் ஏறிய முதல் ஆளும் நான்தான். வேதாகமக் கல்லூரியில் படித்து முடித்ததும் இரண்டு வருட ஊழியத்துக்காக என்னை நீலகிரி மலையில் இருக்கும் ஓவேலிக்கு அனுப்பினார்கள்.

ஊழியம் என்றால் எந்நேரமும் பிரசங்கம் என்றுதான் அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் என் நாளின் பாதி ஈரத் துணியோடு போகும். மழைக்காலத்தில் எதுவுமே காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைப்பேன். ஞாயிறு ஆராதனைக்குப் போடும் வெள்ளைச் சட்டையிலும் விறகுப் புகை வாசம்தான். காலையில் தண்ணீர்க் குழாயில் வரிசை. பிறகு அட்டைக்கு உப்பும் மூக்குப்பொடியும் காலில் தடவிக்கொண்டு மேல் லைன்களுக்கு நடை. நான்கு மணிக்குமேல் வேலை விட்டு வருபவர்களின் வீடுகளுக்குப் போவது, சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது. பஸ் நிற்கும் வளைவில்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். வாரம் ஒருமுறை அங்கே குடை பிடித்து நின்று அம்மாவோடு பேசுவேன்.

லைனின் கடைசி வீட்டைத்தான் ஜெப வீடாக வைத்திருந்தோம். முன்னறையில் ஆராதனை, பின்னறையில் என் படுக்கையும் விறகும். ஒரே சுவர், அந்தப் பக்கம் ஓர் அக்காவின் அடுப்படி. கணவரை இழந்தவர். கொழுந்து பறித்து, பிளஸ் ஒன் படிக்கும் மகளை வளர்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பெற்றோர் இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள். மாரியம்மன் கோயிலுக்குத் தவறாமல் போவார், எங்கள் ஜெபத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் சுவரைத் தட்டி, "பாஸ்டர் தம்பி, குழம்பு மிஞ்சிருச்சு. சாமி கோவிச்சுக்காதுன்னா வாங்கிக்கங்க" என்பார்.

அவர் வீட்டோரத்தில் ஒரு பலா மரம் இருந்தது. ஓவேலியில் பலா காய்க்கும் காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. பழுக்கும் முன்பே எல்லாக் காய்களையும் இறக்கி, வெட்டிக் குழியில் போட்டு மூடிவிடுவார்கள். ஒன்று பழுத்தால் போதும், அந்த வாசத்துக்கு யானை வந்துவிடும். லைன்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடும் இருந்தது. யானை யார் வீட்டை இடித்தாலும் மொத்த லைனும் சேர்ந்து சுவரை எழுப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால், பழத்தை வீட்டில் வைத்து யானையை வரவழைத்தவருக்கு யாரும் ஒரு கல்லும் எடுத்துக் கொடுக்கக்கூடாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அக்காவின் மரத்தில் ஏறியவன் நான்தான். பதினேழு காய் இறக்கினேன். எங்கள் ஊரில் பலா மரம் இருக்கும் வீட்டில் பசி இருக்காது என்பார்கள். கறியாகவும் அவித்தும் அதைத் தின்று வளர்ந்தவன் நான். வெட்டி வெட்டிக் குழியில் தள்ளுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நன்றாக முற்றிய ஒன்றை மட்டும் சாக்கில் சுற்றி, பின்னறையில் விறகுக்கு அடியில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பழுத்துவிடும், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுளை கொடுக்கலாம் என்பது என் கணக்கு. சாக்கில் கட்டி, சுவருக்குள் வைத்தால் யானைக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன். படித்தவன் அல்லவா.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, மேல் லைனில் ஒரு வீட்டில் ஜெபம் செய்துகொண்டிருந்தபோது கீழே பட்டாசு வெடிக்கும் சத்தமும் கூச்சலும் கேட்டன. ஓடி வந்து பார்த்தேன். என் பின்னறைச் சுவரும், அதோடு ஒட்டிய அக்காவின் அடுப்படியும் சரிந்து கிடந்தன. யானை ஓடைப் பக்கம் இறங்கிப் போய்விட்டது. அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். வீட்டுக்குள் தனியாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, முன்வாசல் வழியாக ஓடித் தப்பியிருந்தாள். நடுங்கிக்கொண்டிருந்த அவளை நான்கைந்து பெண்கள் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அன்று இரவு எங்கள் மூவருக்கும் பால்வாடியைத் திறந்துவிட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் லைனே அங்கே கூடியது. யானை விரட்டும் காவலர் இடிந்த கல் ஒன்றைத் தொட்டுப் பார்த்து விரலை உரசினார். பிசுபிசுவென்று பலாப்பால்.

"ஏனுங்க, சும்மா வந்து ஆனை செவுத்த இடிக்குமாங்க? உள்ளார பழம் இருந்திருக்குதுங்க" என்றார்.

எல்லாருடைய கண்ணும் பலா மரத்துக்குப் போய், பிறகு அக்காவிடம் வந்தது. லைன் தலைவர், "ஏம்மா, எல்லாத்தையும் எறக்கியாச்சுன்னுதானே சொன்ன?" என்றார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "ஒன்னு ஆசப்பட்டு வச்சிட்டேன் அண்ணே. தப்புதான்" என்றார்.

அந்த இடத்திலேயே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் ஊழியத்துக்கு அனுப்பும்போதே, கூடலூரில் இருக்கும் எங்கள் பெரிய போதகர், "நீ வெளிநாட்டுக்காரன். உன்மேல் ஒரு புகார் வந்தாலும் அடுத்த நாளே ஊருக்கு டிக்கெட்" என்று சொல்லியிருந்தார். அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஒருவேளை அக்காவும் தனியாக ஒரு பழம் வைத்திருந்தாரோ என்று என் மனம் ஒரு சாக்கைத் தேடிப் பிடித்தது. பேசாமல் நின்றேன். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. என் சுவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்; மண்வெட்டியோடு வந்தவர்கள் மண்வெட்டியோடு திரும்பிப் போனார்கள். அன்றைய ஆராதனையைப் பால்வாடி வாசலில் நடத்தினேன். என்ன பேசினேன் என்று சத்தியமாக நினைவில்லை.

அக்கா திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு, தனியாளாகக் கல் பொறுக்கினார். நான் உதவிக்குப் போனேன். பெரிய நல்லவன்போல. அந்த வழியாகப் போன பெண்கள், "பலாப்பழம் இனிச்சதாடி?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் அடுத்த கல்லை எடுத்து அடுக்கினார். மழைக்கு ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு அன்றைக்கே அக்காவும் மகளும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்; நானும் ஜெப வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செவ்வாய் சாயங்காலம் தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் மகளின் குரல் கேட்டது. நனைந்துபோன புத்தகங்களை அடுப்பில் காட்டிக்கொண்டே அழுதாள்.

"ஒரு பழம் திங்கலன்னா செத்துருவியாம்மா? நான் உள்ள இருந்தேன்ல? என்னய விட ஒனக்கு அது பெருசாப் போச்சா?"

அக்கா, "ஆமாண்டி, புத்தி கெட்டுப் போச்சு. வா, சாப்புடு" என்றார். அவ்வளவுதான். பெற்ற பிள்ளையிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. அவரை வெளியே கூப்பிட்டு, "அக்கா, அது நான் வைத்த பழம்" என்றேன்.

"தெரியும் தம்பி."

"எப்படி?"

"செவுரு விழுந்த மறுநாளே விடியக்காலம் வந்து பாத்தேன். ஒங்க விறகுக்குள்ள சாக்கும் கொட்டையும் கெடந்துச்சு. காவக்காரர் வர்றதுக்குள்ள கூட்டி அள்ளிட்டேன்."

"ஏன்க்கா?"

அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஏன்னா என்ன அர்த்தம்? ஒங்க பேரு வெளிய வந்தா ஒங்கள ஊருக்கு ஏத்தி விட்ருவாங்கன்னு நீங்கதான சொன்னீங்க. ஒங்கம்மா எத்தன பேருகிட்ட சொல்லி வச்சிருக்குமோ, எம் புள்ள அக்கரைக்குப் போயிருக்கான்னு. எனக்கு ஏச்சு புதுசா? மழை விட்டா மறந்துருவாங்க. போங்க, போயி துணிய மடிங்க."

மறுநாள் காலை ஏழரை மணிக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் கூடும் பெரட்டுக்களத்தில் போய் நின்றேன். கூடை மாட்டிய பெண்களுக்கும் லைன் தலைவருக்கும் முன்னால் நடந்ததைச் சொன்னேன். சாக்கு, விறகு, மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும். அக்கா தூரத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் மகள் அங்கே இல்லை. அவளிடம் விடியும்போதே, பள்ளிக்கூட ஜீப் வருவதற்குள் சொல்லிவிட்டேன். கேட்டதும் அவள் பையை இறக்கி வைத்துவிட்டு அம்மாவைத் தேடி உள்ளே ஓடினாள்.

களத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் சத்தமாக, "இம்புட்டு நாளா எங்கள பாவத்த அறிக்கை பண்ணச் சொன்னீங்களே பாஸ்டரே, ஒங்களுக்கே மூணு நாள் புடிச்சிருக்கே!" என்றார். மொத்தக் களமும் சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. ஆனால் அந்தச் சிரிப்பில் கசப்பு இல்லை.

லைன் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் புள்ளைக்கு எதாச்சும் ஆகியிருந்தா?" என்று கேட்டார். பிறகு அவரே, "சாயங்காலம் எல்லாரும் மண்வெட்டியோட வாங்க. மொதல்ல அது வீட்டுச் செவுரு. ஜெப வீட்டுச் செவுத்த இவரே கட்டிக்கட்டும், கட்டுப்பாடு கட்டுப்பாடுதான்" என்று முடித்தார்.

இரண்டு சாயங்காலங்களில் அக்காவின் அடுப்படி எழுந்துவிட்டது. என் சுவருக்குப் பதினோரு நாள் ஆனது. கூடலூருக்குப் போய்ப் பெரிய போதகரிடமும் நானே சொன்னேன். டிக்கெட் போடவில்லை. ஆனால், "ஒரு மாதம் நீ பிரசங்கம் செய்ய வேண்டாம், உட்கார்ந்து கேள்" என்றார். அது சரியான தண்டனை என்றுதான் எனக்கும் தோன்றியது.

இப்போது நான் ஊரில் ஒரு சின்னச் சபையில் ஊழியம் செய்கிறேன். பிறர் குற்றத்தைத் தன்மேல் சுமக்கும் அன்பு என்று நான் ஓவேலியில் சொல்லப் போனதை, என் தேவனையே அறியாத ஒருவர், எனக்காக மூன்று நாள் ஏச்சு வாங்கிக்கொண்டு செய்து முடித்துவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் பேச எழும்போது, இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று ஒரு நிமிடம் தயங்குகிறேன். அந்தத் தயக்கம் என்னை விட்டுப் போய்விடக்கூடாது என்றுதான் இன்றும் வேண்டிக்கொள்கிறேன்.